நூத்தம்பது ரூவா சீடி, நாலு பாட்டு, ஒரு இடத்துல கூட கர்த்தர் பேர் இல்ல

முதல்ல கடைய சொல்லிடறேன். மதுரை டவுன்ஹால் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல பழைய கேசட், சீடி, ரெக்கார்டு, வாய் பேசாத ரேடியோ எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தி வச்சிருக்குற கடை. போர்டெல்லாம் கிடையாது. ஒரு ஆளு உள்ள நின்னா அடுத்த ஆளு வெளியதான் நிக்கணும். நான் போனது எண்பதுகள்ல வந்த ஒரு இளையராஜா கேசட்டுக்கு, அது கிடைக்கல. கடைக்கார பாய் சும்மா அனுப்ப மனசில்லாம அங்கிட்டு இங்கிட்டு தொளாவி ஒரு சீடிய எடுத்து சட்டைலயே தொடச்சு நீட்டுனாரு. "தம்பி, நீங்க வேதக்கார ஆளுதான, இந்தாங்க, ஒரு அம்மா பாடுன சர்ச் பாட்டு, ரெண்டு வருசமா கிடக்கு, ஒருத்தனும் தொட மாட்டேங்குறான்." இருநூறு சொன்னாரு, நூத்தம்பதுக்கு முடிஞ்சுது.

சர்ச் பாட்டுன்னு பாய் சொன்னதுல பாதி உண்மை. வார்த்தை எல்லாமே பைபிள்தான். ஆனா இத எந்த சர்ச்லயும் ஞாயித்துக்கிழமை பாட மாட்டாங்க, ஏன்னு பின்னால சொல்றேன்.

சீடில இருந்தது பிராம்ஸ்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளரோட 'நாலு சீரியஸ் பாட்டு', ஓபஸ் 121 (ஓபஸ்னா அவரு படைப்போட வரிசை நம்பர்), ஜெர்மன் மொழி. பாடுனது கேத்லீன் ஃபெரியர், பியானோ ஜான் நியூமார்க், 1950ல பதிவு பண்ணது. கூட இன்னும் சில பாட்டும் உண்டு, அதுல 'ஆல்டோ ராப்சடி' மட்டும் கடைசில வரும். ஃபெரியர் இங்கிலாந்துக்காரம்மா, ஆரம்பத்துல டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா வேலை பாத்தவங்க, அப்புறம் உலகமே கேட்ட பாடகி ஆனாங்க, 1953ல கேன்சர்ல போயிட்டாங்க, அப்ப வயசு 41தான். அந்த குரல எப்படி சொல்றது, பொம்பள குரல்தான் ஆனா அடில ஒரு இருட்டு இருக்கும், நம்ம ஊர்ல கிணத்துக்குள்ள தலைய விட்டு கூப்பிட்டா திரும்பி வருமே, அப்படி. பிராம்ஸ் இத எழுதுனது ஆம்பள பேஸ் குரலுக்கு, அதாவது அடிக்குரலுக்கு. அத இந்தம்மா தன் சுருதிக்கு மாத்தி பாடியிருக்காங்க. நானும் சி.எஸ்.ஐ. சர்ச் கொயர்ல இருபத்தஞ்சு வருசமா பேஸ்தான் பாடுறேன், அதனால முதல்ல கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்துச்சு, நமக்குன்னு எழுதுன பாட்ட ஒரு பொம்பள வந்து இப்படி அள்ளிட்டு போறாங்களேன்னு.

சீடி நிலைமை: டப்பா கீறல், மூடியோட ஒரு காது ஒடஞ்சிருக்கு. உள்ள புக்லெட் இல்ல, அதான் பெரிய குறை, ஜெர்மன் தெரியாதவன் வார்த்தை இல்லாம என்னத்த கேக்குறது. டிஸ்க் பரவால்ல, மூணாவது பாட்டு நடுவுல மட்டும் என் பழைய டிவிடி பிளேயர் ஒரு தடவ விக்குது. மோனோ பதிவு, அந்தக் காலத்து பதிவுக்கே உரிய இரைச்சல் லேசா இருக்கு, பியானோ பக்கத்து ரூம்ல வாசிக்கிற மாதிரி கேக்கும், குரல் மட்டும் நம்ம முன்னால நாற்காலி போட்டு உக்காந்திருக்கும். எனக்கு அது பிடிச்சிருக்கு. சுத்தமா இருக்கணும்னு நினைக்கிறவங்க இத வாங்காதீங்க.

புக்லெட் இல்லாததால போன்ல தேடி எந்த எந்த அதிகாரம்னு மட்டும் குறிச்சுகிட்டு, வீட்டு பைபிள எடுத்து வச்சு கேக்க ஆரம்பிச்சேன். முதல் பாட்டு பிரசங்கி 3ம் அதிகாரம் 19ல இருந்து 22 வரைக்கும். ரெண்டாவது பிரசங்கி 4, முதல் மூணு வசனம். மூணாவது சீராக் 41, முதல் ரெண்டு வசனம். நாலாவது ஒண்ணு கொரிந்தியர் 13. இதுல சீராக் நம்ம பைபிள்ல கிடையாதுங்க, புராட்டஸ்டண்ட் பைபிள்ல அந்த ஆகமமே இல்ல. புராட்டஸ்டண்ட் சபைய ஆரம்பிச்ச லூத்தர் தன் ஜெர்மன் பைபிள்ல அத பழைய ஏற்பாட்டுக்குப் பின்னால தனியா சேத்து வச்சிருந்தாரு, பிராம்ஸ் அதுல இருந்து எடுத்துருக்காரு. நான் எதிர்வீட்டு அக்காகிட்ட போயி அவங்களோட திருவிவிலியத்த கடன் கேட்டேன், அவங்க ஆர்.சி. அதுல பிரசங்கிக்கு பேரு 'சபை உரையாளர்', சீராக்குக்கு பேரு 'சீராக்கின் ஞானம்'. அந்தக்கா பைபிள குடுத்துட்டு "என்னடா, எங்க பக்கம் வரப்போறியா"ன்னு சிரிச்சாங்க. எந்தப் பக்கமும் இல்லக்கான்னு சொல்ல வாய் வந்துச்சு, சொல்லல.

இப்ப பாட்டுக்கு வர்றேன்.

முதல் பாட்டு, மனுசனுக்கு நடக்குறதுதான் மிருகத்துக்கும் நடக்குது, இதுவும் சாகுது அதுவும் சாகுது, ரெண்டுக்கும் ஒரே மூச்சு, எல்லாம் மாயை. பியானோ அடில தம்பூரா மாதிரி ஒரே ஸ்வரத்த தட்டிகிட்டே இருக்கும், மேல பாட்டு பாடை தூக்கிட்டு போற நடைல போகும், திடீர்னு வேகம் எடுத்து எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகுது, மண்ணுல உண்டானது மண்ணுக்கே திரும்புதுன்னு புழுதிக் காத்தா அடிக்கும். அதுக்கப்புறம் ஒரு கேள்வி வருது பாருங்க. மனுச ஆவி மேல போகுது, மிருகத்தோட ஆவி பூமிக்கு கீழ போகுதுங்கறீங்களே, யாருக்குத் தெரியும்? அந்த 'மேல'ங்கற எடத்துல ராகம் மேல ஏறும், 'கீழ'ங்கறப்ப இறங்கும், சின்னப்புள்ளைக்கு கை காட்டி சொல்லிக் குடுக்குற மாதிரி. எனக்கு முதல் தடவ கேக்கைல சிரிப்பு வந்துச்சு, மூணாவது தடவ வரல. பட்டினத்தார் 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே'ன்னு பாடுன ஊர்ல பொறந்துட்டு இதெல்லாம் புதுசான்னு கேப்பீங்க. புதுசில்லதான். ஆனா பட்டினத்தார் அத சொல்லிட்டு சிவன் கால்ல போயி விழுந்துருவாரு. இங்க விழுறதுக்கு ஒரு காலும் இல்ல.

ரெண்டாவது பாட்டு. சூரியனுக்குக் கீழ நடக்குற ஒடுக்குமுறைய எல்லாம் பாத்தேன், ஒடுக்கப்பட்டவங்க கண்ணீரு, தேத்துறதுக்கு ஒரு ஆளு இல்ல, அதனால இருக்குறவன விட செத்தவன் மேல், அவனையும் விட இன்னும் பொறக்காதவன் மேல். இந்த வசனத்த வச்சு எங்க சர்ச்ல ஒரு பிரசங்கம் கூட நான் கேட்டதில்ல. பக்கத்துலயே அரசரடில இறையியல் கல்லூரி இருக்கு, அங்க தலித் இறையியல்னு வருசக்கணக்கா பேசியிருக்காங்க எழுதியிருக்காங்க, அங்க வாத்தியாரா இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டைன்னாத்தான் பல பேருக்குத் தெரியும், கர்நாடக சங்கீதமும் வெள்ளக்காரங்க மெட்டுல இருக்குற பாமாலையும் கிராமத்து சனத்தோட வாயில ஒட்டாதுன்னு சொல்லி அவங்க மெட்டுலயே பாட்டு கட்டுனாரு, 2005ல இறந்துட்டாரு. அவரு பாட்டுல சாமி கூட வந்து உக்காந்து கஞ்சி குடிக்கும். பிராம்ஸோட பாட்டுல ஒருத்தனும் வரமாட்டான். ரெண்டு பேரும் ஒரே கண்ணீரத்தான் பாத்துருக்காங்க. இத யாராச்சும் தெரிஞ்சவங்க விளக்கமா எழுதணும், எனக்கு அந்த அளவுக்கு படிப்பு பத்தாது.

மூணாவது பாட்டுக்காகத்தான் இந்த விமர்சனமே.

"ஓ டோட்"னு ஆரம்பிக்கும். சாவேன்னு அர்த்தம். பாட்டு தெரிஞ்சவங்களுக்கு சொல்றேன், அந்த முதல் நாலு ஸ்வரம் ப, க, ஸ, அதுக்குக் கீழ மந்திர தைவதம், நடபைரவி மாதிரி வச்சுக்குங்க, ஒண்ணு விட்டு ஒண்ணா படிக்கட்டுல இறங்குற மாதிரி இறங்கும். சாவே, நீ எவ்வளவு கசப்பு, சொத்து சுகத்தோட கவலையில்லாம நல்லா சாப்பிட்டுகிட்டு இருக்குறவனுக்கு உன்ன நினைச்சாலே எவ்வளவு கசப்பு. இது பாதி. அப்புறம் அப்படியே திரும்பும். சாவே, நீ எவ்வளவு நல்லவன், ஒண்ணுமில்லாதவனுக்கு, வலுவில்லாம வயசாகி எல்லாக் கவலைலயும் கிடந்து இனி நல்லது வரும்னு நினைக்கவே வழியில்லாதவனுக்கு. இங்க நடபைரவி போயி சங்கராபரணம் வந்துரும், மைனர்ல இருந்து மேஜர். முதல்ல கீழ இறங்குச்சே அதே ஸ்வரம் இப்ப தலைகீழாத் திரும்பி மேல ஏறும். கசப்பையும் ஆறுதலையும் ஒரே துணியோட ரெண்டு பக்கமா தச்சு வச்சிருக்காரு மனுசன்.

எங்கப்பா 2018ல நாலு மாசம் படுக்கைல கிடந்தாரு. அவரும் கொயர்ல பேஸ், நான் அவரு பக்கத்துல நின்னுதான் பாட்டு கத்துகிட்டேன். கடைசி மாசத்துல ஒரு நாள் ஐயரு வந்து ஜெபம் பண்ணாரு. சி.எஸ்.ஐ.ல பாஸ்டர ஐயர்னுதான் கூப்பிடுவோம், வேற மாதிரி நினைச்சுக்காதீங்க. நல்ல மனுசன்தான், ஆனா போறப்ப "கர்த்தர் உங்கள புடமிடுறாரு ஐயா"ன்னுட்டுப் போனாரு. அவரு செருப்பு சத்தம் வாசல தாண்டுனதும் அப்பா என்னப் பாத்து "போட்ட புடம் போதும்னு சொல்றா"ன்னாரு. நான் யார்கிட்ட சொல்றது. அதுக்கு மூணாவது வாரம் போயிட்டாரு, போன அன்னைக்கு மூஞ்சி அப்படி ஒரு அமைதி, நாங்க எல்லாரும் அழுதுகிட்டே உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்தோம், அந்த அப்பாடாவ வெளிய சொல்ல முடியாம ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மூலைல நின்னோம். அடக்க ஆராதனைல பாமாலையும் கீர்த்தனையும் பாடுனோம், நானும் பாடுனேன், எந்தப் பாட்டுலயும் அந்த அப்பாடாவுக்கு இடமே இல்ல. அது இருந்த பாட்ட ஏழு வருசம் கழிச்சு பாய் கடைல நூத்தம்பது ரூவாய்க்கு வாங்கியிருக்கேன்.

இன்னொண்ணு ஒரு வாரம் தொடர்ந்து கேட்டப்புறம்தான் உறைச்சுது. எங்க பாட்டுப் புத்தகத்த எங்க திறந்தாலும் 'நீர்', 'உம்மை', 'உமது'. 1853லயே நம்ம மதுரை மிஷன்ல இருந்த எட்வர்ட் வெப்ங்கற அமெரிக்க மிஷனரி தமிழ்க் கீர்த்தனைய எல்லாம் சேத்து புத்தகம் போட்டாரு, தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டெல்லாம் அதுல உண்டு, அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் கீர்த்தனைன்னா ஒருத்தர்கிட்ட பேசுறதுதான். கெஞ்சுவோம், அழுவோம், கோவிச்சுக்குவோம், ஆனா எதிர்ல ஒரு ஆளு உண்டு. தியாகராஜரும் உனக்கு ஏன் தயவு வரலைன்னு ராமன்கிட்டதான் கேட்டாரு, வேற யார்கிட்டயும் இல்ல. இந்த நாலு பாட்டுல நான் வார்த்தைக்கு வார்த்தை பைபிள வச்சு சரிபாத்தேன், கர்த்தர், தேவன், ஆண்டவர், இயேசு, ஒரு பேரும் வரல. மொத்த நாலு பாட்டுலயும் 'நீ'ன்னு கூப்பிடப்படுறது ஒரே ஒருத்தன், சாவு. பைபிள்குள்ள இருந்தே எடுத்து, ஒரு வார்த்தை கூட சொந்தமா சேக்காம, கடவுள் இல்லாத ஒரு பாட்டு வரிசைய கட்டியிருக்காரு. இவ்வளவு துல்லியமா தேடி எடுக்கணும்னா பைபிள எத்தனை தடவ படிச்சிருக்கணும், எங்க கமிட்டி ஆளுங்கள்ல பாதிப்பேரு அவ்வளவு படிச்சிருக்க மாட்டாங்க.

இத எழுதுனப்ப அவரு நிலைமையும் சொல்லணும். 1896 மார்ச்ல கிளாரா ஷூமன்ங்கற பியானோ கலைஞருக்கு பக்கவாதம், நாப்பது வருசத்துக்கு மேல பழகுன, பிராம்ஸ் மனசுல யாரும் தொட முடியாத இடத்துல இருந்த அம்மா. மே மாசம் பிராம்ஸுக்கு 63வது பிறந்தநாள், அதையொட்டித்தான் இந்த நாலு பாட்டும் முடிஞ்சுது. மே 20 கிளாரா இறந்துட்டாங்க. அடுத்த ஏப்ரல்ல இவரும் போயிட்டாரு. டுவோர்ஷாக்னு அவரோட சிஷ்யன் மாதிரி இருந்த இன்னொரு பெரிய இசைக்காரரு, பக்தியான கத்தோலிக்கரு, பிராம்ஸப் பத்தி இப்படி ஒரு மனுசன், இப்படி ஒரு ஆத்துமா, எதையுமே நம்ப மாட்டேங்குறாரேன்னு வருத்தப்பட்டாராம். அது வருத்தம்தான், திட்டு இல்ல, அதுல இருக்குற பிரியம் எனக்குப் புரியுது, எங்கம்மா என்னப் பாக்குற பார்வை அதே ரகம்.

இது பிராம்ஸுக்கு புதுப் பழக்கமும் இல்ல. அவரு வாலிபத்துல எழுதுன 'ஜெர்மன் ரெக்குவியம்' (ரெக்குவியம்னா செத்தவங்களுக்கான ஆராதனை இசை) 1868 பெரிய வெள்ளி அன்னைக்கு பிரேமன் ஊரு கதீட்ரல்ல அரங்கேறுச்சு. அதுவும் முழுக்க பைபிள் வசனம்தான், ஆனா இயேசுவோட மரணமும் மீட்பும் அதுல இல்ல. அந்த கதீட்ரல் இசைப் பொறுப்பாளர் ரைன்தாலர் முன்னாடியே கடிதம் போட்டு அத எங்கய்யா காணோம்னு கேட்டாரு. பிராம்ஸ் பணிவாத்தான் பதில் எழுதுனாரு, ஆனா வளைஞ்சு குடுக்கல, தலைப்புல இருக்குற ஜெர்மன்ங்கறத எடுத்துட்டு மனுசங்கன்னு போட்டுக்கக்கூட தயாருன்னாரு, யோவான் 3:16 மாதிரி வசனமெல்லாம் தெரிஞ்சேதான் விட்டேன்னாரு. கடைசில அரங்கேத்தத்துல என்ன பண்ணாங்கன்னா, ஹாண்டெல்ங்கற இசையமைப்பாளர் இயேசுவப் பத்தி எழுதுன 'மெசையா'ல இருந்து 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்'ங்கற பாட்ட நடுவுல சொருகிட்டாங்க. இத படிச்சப்ப வாய்விட்டு சிரிச்சேன், எங்க சர்ச் கிறிஸ்மஸ் ப்ரோக்ராம் கமிட்டி மீட்டிங் அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. எந்தப் பாட்டு குடுத்தாலும் கடைசில ஒரு சாட்சிப் பாட்டு சேத்தாத்தான் அவங்களுக்கு ராத்திரி தூக்கம் வரும்.

டுவோர்ஷாக் பேரு வந்துருச்சு, அதனால இதையும் சொல்லிடறேன். நம்பிக்கையோட இருக்குறவங்க, ஆனா உள்ள ஒரு நடுக்கம் இருக்குறவங்க, நீங்க பிராம்ஸ விட்டுட்டு டுவோர்ஷாக்கோட 'பைபிள் பாட்டுகள்' பக்கம் போங்க, ஓபஸ் 99. 1894 மார்ச்ல நியூயார்க்ல இருக்கும்போது எழுதுனது, பத்துப் பாட்டு, எல்லாம் சங்கீத புஸ்தகத்துல இருந்து, செக் மொழில. அந்த மாசக் கடைசில ஊர்ல அவங்கப்பா இறந்துட்டாரு. கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் அதுல உண்டு, பாபிலோன் ஆறுகள் ஓரத்துல உக்காந்து அழுததும் உண்டு. ஒரு வேடிக்கை, அவரு கத்தோலிக்கரு, ஆனா எடுத்தது புராட்டஸ்டண்ட்காரங்க மொழிபெயர்த்த கிராலிட்சே பைபிள். பிராம்ஸுக்கு சீராக் சொந்த லூத்தர் பைபிள்லயே இருந்துச்சு, ஆனா கிராலிட்சேய எடுத்த டுவோர்ஷாக், சீராக்க தேடுன நான், ரெண்டு பேருக்கும் எதிர்வீட்டு பைபிள்தான் தேவைப்பட்டிருக்கு. சங்கீதத்துல சந்தேகம் கம்மியெல்லாம் இல்ல, என் ஜெபத்த கேளும், என்னப் பாரும், நான் தனியா கிடக்கேன்னு கதறல்தான் பாதி. ஆனா அது ஒருத்தர்கிட்ட கதறுறது. பிரசங்கி யார்கிட்டயும் பேசல, வாசல்ல உக்காந்து தனக்குத்தானே சொல்லிகிட்டு இருக்கான். எனக்கு ரெண்டும் தேவைப்படுது, வாரத்துல நாலு நாள் இது, மூணு நாள் அது.

நாலாவது பாட்டு. இது எனக்கு முழுசா ஒட்டல, உள்ளத சொல்றேன். முதல் மூணும் அந்த அடில கிடந்துட்டு திடீர்னு மாலை போட்டு வரவேற்குற மாதிரி பிரகாசமா ஆரம்பிக்குது. நான் மனுஷர் பாஷைகளையும் தூதர் பாஷைகளையும் பேசினாலும், அன்பு எனக்கிராவிட்டால், சத்தமிடுகிற வெண்கலம். ஃபெரியரம்மா குரல் இங்க கொஞ்சம் கனமாத் தெரியுது, இந்தப் பாட்டுக்கு இன்னும் வெளிச்சமான குரல் வேணுமோன்னு தோணுச்சு. ஆனா நடுவுல இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்ங்கற இடம் வரும்போது பாட்டு அப்படியே நின்னு மூச்சு விடும், வேற வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி சுருதி மாறும், அந்த ரெண்டு நிமிசம் போதும் எனக்கு. முகமுகமாய்ப் பார்ப்போம்னு வருது, யார் முகத்தன்னு வசனத்துலயும் இல்ல, பாட்டுலயும் இல்ல. நான் அப்பா முகம்னு வச்சுகிட்டேன்.

சீடில கூட இருக்குற ஆல்டோ ராப்சடி பைபிள் இல்ல, ஜெர்மன் கவிஞர் கதே எழுதுன கவிதை, கிளெமென்ஸ் கிராஸ் நடத்துன ஆர்க்கெஸ்ட்ராவோட 1947ல பாடுனது. பிராம்ஸ் அத 36 வயசுல எழுதுனாரு. அதுல மனசு வெறுத்துப் போனவன் ஒருத்தன் காட்டுக்குள்ள போயிடுவான், கடைசில ஆம்பளைங்க கோரஸ் சேந்துக்கும், அன்பின் தகப்பனே, உம்ம வீணைல இவன் காதுக்கு எட்டுற ஸ்வரம் ஒண்ணு இருந்தா இவன் மனச ஆத்தும்னு கெஞ்சும். கவனிங்க, அங்க ஒரு 'நீர்' இருக்கு. 36ல இருந்த 'நீர்' 63ல இல்ல. ரெண்டையும் ஒரே சீடில போட்டவங்க இத நினைச்சுப் போட்டாங்களோ சும்மா போட்டாங்களோ, எனக்கு அது பெரிய விசயமாத் தெரிஞ்சுது.

யார் வாங்கலாம்: ஜெர்மன் தெரியலைன்னா கவலை இல்ல, அதிகாரம் வசனம் மேல சொல்லியிருக்கேன், தமிழ் பைபிள திறந்து வச்சு கேளுங்க, நாலு பாட்டும் சேத்து இருபது நிமிசத்துக்குள்ள முடிஞ்சுரும். சீராக்குக்கு மட்டும் ஆர்.சி. வீட்டுல கேளுங்க. ஹெட்போன் வேணாம், இரைச்சல் அதுல எரிச்சலாத் தெரியும், சாதா ஸ்பீக்கர்ல ராத்திரி கேளுங்க. துக்க வீட்டுக்கு பரிசா குடுத்துராதீங்க, முதல் பாட்டே மனுசனும் மாடும் ஒண்ணுங்குது, சண்டை வந்துரும். கொயர்ல பாடுற ஆளுங்க, அதுலயும் கண்ண மூட வேண்டிய இடத்துல கண்ண மூடாம கூரைய பாத்துகிட்டு இருக்குற ஆளுங்க, உங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். நான் இன்னும் சர்ச்சுக்குப் போறேன், பேஸ் வரிசைல ஆளு கம்மி, நான் நின்னுட்டா பாட்டு நொண்டும், அதுக்காகவும்தான், வேற எதுக்காகவும்தான், சரியா சொல்லத் தெரியல.

பாய் கடைல இந்த ரகம் வேற ஒண்ணும் இல்ல, போன வாரம் போயி கிளறிட்டேன். டப்பா ஒடைஞ்சத காட்டுனேன், வேற ஒரு காலி டப்பா காசு வாங்காம குடுத்தாரு. "பாட்டு எப்படி தம்பி, சர்ச்சுல போடலாமா?" ன்னாரு. சர்ச்சுல போட்டா என்ன வெளிய போட்டுருவாங்க பாய்னேன். அவருக்குப் புரியல, ஆனா சிரிச்சாரு. மார்க்கு கேட்டீங்கன்னா கடைக்கு பத்துக்கு எட்டு, நடக்குறதுக்கு இடம் இருந்தா ஒம்போது. சீடிக்கு புக்லெட் இல்லாததால ஒரு மார்க்க குறைச்சுக்குங்க, மத்தபடி முழுசு.

நேத்து ராத்திரி போட்டுகிட்டு இருந்தேன், அம்மா ஹால்ல உக்காந்து மொச்சை உரிச்சுகிட்டு இருந்துச்சு. மூணாவது பாட்டுல தலைய தூக்கி "யாரு வீட்டு அடக்கம்டா இது"ன்னுச்சு. அர்த்தம் சொன்னேன். ஒண்ணும் பேசல, ரெண்டு மூணு மொச்சை உரிச்சுட்டு "சரியாத்தான் சொல்லியிருக்கான்"னு மட்டும் சொல்லுச்சு. நாலாவது வந்ததும் இது அன்பு அதிகாரம்மான்னு பைபிள எடுத்து கூடவே வாசிச்சேன். மூணாம் வசனம் முடிஞ்சு நேரா பன்னெண்டுக்கு தாவவும் அம்மா நிறுத்திருச்சு. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது எங்கடா? கல்யாணத்துக்கு வாசிக்கிறதே அதத்தான?" அவரு அத விட்டுட்டாரும்மா, நாலுல இருந்து பதினொண்ணு வரைக்கும் பாடல, சகலத்தையும் விசுவாசிக்கும்ங்கறதும் அதுலதான் இருக்கு, அதுவும் போச்சுன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு.

"கல்யாணம் பண்ணலையோ அவரு?"

பண்ணலம்மா, கடைசி வரைக்கும்.

"அதான்"னு சொல்லிட்டு மொச்சைய எடுத்துகிட்டு அடுப்படிக்குப் போயிருச்சு.